யூடியூப்பா, சமையல் புத்தகமா? பாட்டியின் 'அகாக்-அகாக்' கணக்கைப் பிடிப்பது எப்படி?

ஜாசின், அலோர் காஜா பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டியிடம், "மீன் குழம்புக்கு எவ்வளவு புளி?" என்று கேட்டுப் பாருங்கள். "அகாக்-அகாக்தான், பாத்துப் போடு" என்பார். குத்துமதிப்பு என்பதை மலாயில் அப்படித்தான் சொல்கிறோம். பாட்டிக்கு அது போதும். வேலைக்காகக் கோலாலம்பூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் உங்களுக்கு அது போதாதே! உடனே கை போவது கைப்பேசிக்குத்தான்.

வீடியோ எதைக் காட்டும்? புத்தகம் எதைச் சொல்லும்? இரண்டுமே விட்டுவிடுவது எது?

புத்தகத்தில் கிடைப்பது

தமிழில் பலரும் அறிந்த சமையல் நூல், எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951-ல் வெளிவந்தது. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாதவர்களுக்கு அது கைகொடுத்தது. புதுமணப் பெண்ணுக்குச் சீரோடு கொடுத்தனுப்பும் வழக்கமும் உண்டு.

புத்தகத்தில் கிடைப்பது அளவு. இன்று செய்ததையே அடுத்த மாதமும் அதே ருசியில் செய்யலாம். ஆனால் "பொன்னிறமாக வதக்கவும்" என்று படித்தால், எந்தப் பொன்னிறம் என்று குழப்பம் வரும். இன்னொன்று, அது சைவச் சமையல் நூல். தோட்டத்துக் கருவாட்டுக் குழம்பை அதில் தேட முடியாது.

வீடியோவில் கிடைப்பது

2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்தபோது, பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு - பவித்ரா தம்பதியின் சமையல் வீடியோக்களை நாடே பார்த்தது. தோட்டத்தில் வேலை செய்த குடும்பம், மலாயில் பேசிய பவித்ரா, சாதாரண வீட்டு அடுப்பு. தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது.

வீடியோ கண்ணுக்குப் பாடம். மசாலாவில் தண்ணீர் வற்றியதும் எண்ணெய் ஓரமாகப் பிரிந்து வரும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. ஆனால் 15 நிமிடம் வதக்கிய வெங்காயம், எடிட்டிங்கில் 10 விநாடியாகிவிடும். அதை நம்பி அவசரப்பட்டால் குழம்பில் பச்சை வாசனை நிற்கும்.

பொருளும் ஊருக்கு ஊர் மாறும். அங்கே புழுங்கல் அரிசிக்குச் சொன்ன தண்ணீரை இங்கே வாசனை அரிசிக்கு ஊற்றினால் சோறு குழைந்துவிடும். ஒரு கரண்டி கல் உப்பைவிட ஒரு கரண்டி தூள் உப்பு எடை அதிகம். அளவு அதேதான், கரிப்பு கூடிவிடும்.

இரண்டிலும் இல்லாதது

வாசனை, கடுகு வெடிக்கும் சத்தம் அடங்கும் நேரம், கைப்பிடி. இதெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் வரும். தோட்டங்கள் மூடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மாறியபோது அம்மியும் விறகடுப்பும் போய்விட்டன. அந்தச் சமையலில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. சமைத்தவர்களோடு அதுவும் போய்விடலாம்.

மலாக்கா செட்டிகள் எப்படிக் காப்பாற்றினார்கள்?

பதில் மலாக்கா டவுனிலேயே இருக்கிறது. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி மக்கள், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் பேசுவது மலாய். தமிழ் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் ஆண்டுக்கு இருமுறை, போகியன்றும் ஆண்டின் நடுவே பழக் காலத்திலும், 'பார்ச்சு' என்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். வாழை இலையில் அவர்களுடைய பாரம்பரிய உணவு வகைகள் வரிசையாக இருக்கும்.

படையல் நாள் தள்ளிப் போகாது. அன்றைக்கு எல்லாருமாகச் சேர்ந்து சமைத்தாக வேண்டும். அதனால் இளையவர்கள் அடுக்களையில் நிற்கிறார்கள், கை பழகுகிறது. மொழி கைவிட்டுப் போன வீட்டிலும் சமையல் தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- எடை போடுங்கள். உப்பு டப்பாவைச் சமையல் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். பாட்டி ஒரு கை எடுத்ததும் எவ்வளவு குறைகிறதோ, அதுதான் அவருடைய 'அகாக்'. புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் இதே வழிதான்.
- வெட்டாமல் படமெடுங்கள். கைப்பேசியை அடுப்புப் பக்கம் நிறுத்தி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதிவு செய்யுங்கள். நேரமும் சத்தமும் அதில் இருக்கும்.
- சரியான கேள்வியைக் கேளுங்கள். "எவ்வளவு போடணும்?" என்றால் பதில் வராது. "போதும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது பாட்டி?" என்று கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்.
- எழுதிவைத்து, தனியாகச் சமைத்துப் பாருங்கள். ருசி எங்கே மாறுகிறதோ, அதுதான் அடுத்த முறை கேட்கவேண்டிய கேள்வி.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது பையில் ஒரு சின்னத் தராசு இருக்கட்டும். பண்டிகைக்கு முந்தைய நாள் காலையிலேயே அடுக்களைக்குள் போய்விடுங்கள். மதியம் போனால் மசாலா அரைத்து முடித்திருப்பார்கள்.