பூனைக்குட்டி எடுக்கப் போகிறீர்களா? முதலில் இவற்றைப் பாருங்கள்

ஏறாவூரில் பூனை வளர்க்க விரும்புபவர்கள் காப்பகம் தேடிப் போவது அரிது. மீன் சந்தையிலோ, பள்ளிவாசல் முற்றத்திலோ, கோயில் வீதியிலோ, அயல்வீட்டு விறகுக் குவியலிலோ பிறந்த குட்டி ஒன்று கைக்கு வந்து சேர்கிறது. முறையான காப்பகம் என்றால் தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, எடுப்பவரின் வீட்டு நிலையையும் விசாரித்த பிறகே பூனையைக் கையளிப்பார்கள். இங்கே அந்த வேலையை எடுப்பவரே செய்ய வேண்டும். அந்தப் பூனை உங்கள் பிள்ளைகளின் பக்கத்தில் தூங்கப் போகிறது என்பதால், இரக்கம் மட்டும் போதாது.

எந்த வயதில் எடுப்பது?

குறைந்தது 8 வாரங்கள் தாயுடன் இருந்த குட்டியே நல்லது. கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது பழகுகிறது. பிறந்த குட்டிகளின் கண் நீலமாக இருக்கும்; ஆறு, ஏழு வாரமளவில்தான் நிறம் மாறத் தொடங்கும். வயது தெரியாத குட்டிக்கு இது ஓர் அடையாளம்.

உடலில் கவனிக்க வேண்டியவை

கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் இருந்து தும்மினால், அது மற்றப் பூனைகளுக்கும் தொற்றும் சளி நோயாக இருக்கலாம். காதுக்குள் கோப்பித் தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப் பேன் என்று சந்தேகிக்கலாம். உடல் மெலிந்து வயிறு மட்டும் ஊதியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. வட்டமாக முடி உதிர்ந்த இடங்கள் படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும். முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியிருந்தால் இரத்தசோகை.

இவற்றில் பல குணப்படுத்தக்கூடியவை. அதனால் அந்தக் குட்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வீட்டுக்குள் விடுவதற்கு முன் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

எந்த வீட்டுக்கு எந்தப் பூனை?

1990 வன்செயல்களிலும், அதன் பின் நீண்ட போரிலும், 2004 சுனாமியிலும் ஆட்களை இழந்த வீடுகள் இந்தப் பகுதியில் பல. முதியவர் தனியே இருக்கும் வீட்டுக்குத் துள்ளித் திரியும் குட்டி பொருந்தாது. காலில் இடறி விழச் செய்துவிடும். குணம் தெரிந்த, அமைதியான வளர்ந்த பூனையே அங்கு நல்ல துணை. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, தூக்கினால் சிறிது நேரத்தில் உடலைத் தளர்த்திக்கொள்ளும் குட்டியைத் தெரிவு செய்யுங்கள்.

நிறமும் சில செய்தி சொல்லும். நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குக் காது கேட்காது; தெருவோர வீட்டுக்கு அவை உகந்தவை அல்ல. மூன்று நிறப் பூனை ஏறத்தாழ எப்போதும் பெட்டைதான். பெட்டை ஐந்து மாத வயதளவிலேயே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால், குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விடும் நிலை வராது.

விசர்நோயை மறக்க வேண்டாம்

இலங்கையில் விசர்நோயை நாய்தான் அதிகம் பரப்புகிறது என்றாலும் பூனையாலும் அது வரும். குட்டி மூன்று மாதமானதும் தடுப்பூசி போட்டு, வைத்தியர் சொல்லும் காலத்தில் மறுபடியும் போடுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரிக்கலாம்.

பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மஞ்சளோ கோப்பித் தூளோ வைத்துக் காத்திருக்க வேண்டாம். அறிகுறி தோன்றிய பின் இந்த நோயிலிருந்து உயிர் தப்புவது மிக மிக அரிது.

வீட்டுக்கு வந்த பிறகு

பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். தண்ணீரும், முள் நீக்கி அவித்த மீனும் சோறும் கொடுத்துத் தொடங்கலாம். காய்ச்சல் என்று பரசிட்டமோல் கொடுக்காதீர்கள். அது பூனையைக் கொன்றுவிடும். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ளாமல் வேறொருவரிடம் அந்த வேலையை விடுவது பாதுகாப்பானது.

நல்ல பராமரிப்பில் ஒரு பூனை 15 ஆண்டுகள் வரை வாழும். அத்தனை ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் பேசி முடிவெடுத்த பிறகே குட்டியைத் தூக்குங்கள்.