மூடவேண்டிய நாளுக்காக

ஏரிநீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருகுத்தண்டைச் சுழற்றினால் பலகை மேலேறும், நீர் பாயும். எதிர்ப்புறம் சுழற்றினால் பலகை கீழிறங்கும்; நீர் நிற்கும். இதே செயலைத்தான் அனல்மின் நிலையங்களிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் குடிநீர்ப் பெருங்குழாய்களிலும் 'கேட் வால்வு' என்னும் கருவி செய்கிறது. ஆனால், மதகு கசிந்தால் நீர் வீணாகும். ஆலையின் வால்வு கசிந்தால் உயிரும் போகக்கூடும்.

அமைப்பும் பயனும்

கேட் வால்வின் உள்ளே ஆப்பு வடிவத் தட்டு ஒன்று உண்டு. கைச்சக்கரத்தைச் சுழற்றும்போது தண்டு அத்தட்டை ஏற்றி இறக்கும். முழுவதும் இறங்கிய தட்டு, இருபுறமும் உள்ள இருக்கை வளையங்களில் பதிந்து பாய்மத்தைத் தடுக்கிறது. தண்டு வெளிவரும் இடத்தில் கசிவு ஏற்படாதிருக்க, கிராஃபைட் போன்ற பொருளாலான பேக்கிங் வளையங்களை அடுக்கி, 'கிளாண்டு' என்னும் அழுத்தியால் இறுக்கியிருப்பர்.

இவ்வால்வு முழுவதும் திறந்திருக்க வேண்டும். அல்லது முழுவதும் மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த நிலையில் வைத்தால், குறுகிய இடைவெளியில் விரைந்து பாயும் நீர்மம் தட்டின் விளிம்பையும் இருக்கையையும் அரித்துவிடும். தட்டும் அதிர்ந்து தேயும். ஓட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது இதன் பணியன்று.

பழுதும் சீரமைப்பும்

தண்டின் அருகே கசிவு தெரிந்தால், கிளாண்டு நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக, இருபுறமும் சமமாக இறுக்குதல் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் உராய்வு மிகுந்து தண்டு தேயும். அதன் பின்னும் கசிவு நிற்காவிடின் பேக்கிங்கை மாற்ற வேண்டும். புதிய வளையங்களின் வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையக்கூடாது. அமைந்தால் கசிவு அவ்வழியே மேலேறும்.

மூடிய பின்னும் பாய்மம் கடந்து சென்றால், குறை இருக்கையில் இருக்கலாம். சிலர் நெம்புகோலிட்டுச் சக்கரத்தை மேலும் இறுக்குவர். அதனால் தண்டு வளையுமேயன்றிக் குறை தீராது. வால்வைப் பிரித்து, தேய்ப்புப் பசையிட்டு இருக்கையையும் தட்டையும் மெருகேற்றுதலே முறை. பின்னர், தட்டில் நீலச்சாயத்தை மெல்லியதாகப் பூசி இருக்கையில் பொருத்தி எடுப்பர். நீலம் வளையம் முழுவதும் இடைவிடாது பதிந்திருந்தால் பொருத்தம் சரி. ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால் கசிவின் வழி அதுவே.

சீரமைத்த வால்வை நீரழுத்தத்தால் சோதிப்பர். உடற்பகுதிக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைப்போல் 1.5 மடங்கும், இருக்கைக்கு 1.1 மடங்கும் அழுத்தம் தருதல் வழக்கம்.

கைவைக்கும் முன்

வால்வைப் பிரிக்கும்முன் குழாயைத் தனிமைப்படுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, எஞ்சியதை வடித்துவிட வேண்டும். குழாயில் அழுத்தம் இல்லை என்பதாலேயே வால்வின் உட்குழியிலும் இல்லை என்று கொள்ளலாகாது. மேல்மூடிக்குக் கீழே சிக்கியுள்ள அழுத்தம், போல்ட்டுகளைக் கழற்றுவோர்மீது சீறிப் பாயக்கூடும். பிறர் அறியாமல் திறந்துவிடாதிருக்கப் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் இடுதல் வேண்டும்.

தாளும் ஒரு கருவி

வடகடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்துவந்த 'பைப்பர் ஆல்ஃபா' மேடையில், 1988 சூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றினர். அதைத் திரும்பப் பொருத்துமுன் பகற்பணி முடிந்தது. திறந்த குழாய்வாயில் மூடித்தகடு ஒன்றை வைத்துச் சென்றனர். வால்வு கழற்றப்பட்டிருக்கும் செய்தி இரவுப் பணியாளரைச் சென்றடையவில்லை. இரவில் மற்றொரு பம்பு நின்றுவிடவே, அவர்கள் இந்தப் பம்பை இயக்க முற்பட்டனர். மூடித்தகட்டின் வழியே கசிந்த எரிபொருள் வெடித்தது. 167 பேர் உயிரிழந்தனர். தகடு இறுக்கமாகப் பொருத்தப்படவில்லை என்பதையும், பணி அனுமதிச்சீட்டு முறை சீர்குலைந்திருந்ததையும் விசாரணை எடுத்துக்காட்டியது.

அது கேட் வால்வு அன்று. ஆயினும் பாடம் எல்லா வால்வுக்கும் பொது. எது கழன்றிருக்கிறது, எது முடிந்தது என்பதை எழுதி, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கும்வரை பழுதுபார்ப்பு நிறைவடைவதில்லை. அந்தத் தாளும் திருப்புளியைப் போல ஒரு கருவியே.

கேட் வால்வு ஆண்டின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும். அப்போது அதன் குறை எவர் கண்ணுக்கும் தெரியாது. தீயோ வெடிப்போ நேரும் நாளில், 'மூடு' என்றவுடன் அது மூடவேண்டும். அவ்வப்போது தண்டுக்கு மசகிட்டு, இசைவுபெற்று ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பது அந்த ஒரு நாளுக்காகவே. தேவை வராத நாள்களில் காட்டும் அக்கறையே, தேவை வரும் நாளில் உயிர் காக்கிறது.