கடி சேருகிறதா?

தாடையில் அடிபட்டு வருபவரிடம் டாக்டர் முதலில், "பல்லைக் கடித்துப் பாருங்கள், பழையபடி சேருகிறதா?" என்றுதான் கேட்பார். இம்மியளவு பிசகினாலும் நம் வாய்க்குத் தெரிந்துவிடும். கடி மாறியிருந்தால், வீக்கம் குறைவாக இருந்தாலும் எலும்பு முறிவைச் சந்தேகிக்க வேண்டும். கீழுதடு மரத்துப்போவது, நாக்குக்கு அடியில் இரத்தம் கட்டி நீலம்பாரிப்பது ஆகியவையும் அறிகுறிகள்தான்.

கீழ்த்தாடை லாடம் போல வளைந்த எலும்பு. அதனால் ஓரிடத்தில் விழும் அடி இன்னோரிடத்தையும் உடைக்கும். முகவாய் தரையில் மோதியவருக்குக் காதுக்கு முன்னாலுள்ள மூட்டின் கழுத்து முறிவது சகஜம். முகவாயில் போட்ட தையலோடு பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முழுத்தாடை எக்ஸ்ரே எடுக்காமல் போகவே கூடாது.

உடனே கவனிக்க வேண்டியது

தாடை இரு பக்கமும் உடைந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கலாம். சுயநினைவோடு இருப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். முன்னால் குனிந்து உட்கார வைத்தால் இரத்தமும் எச்சிலும் வெளியே வழிந்துவிடும்.

கம்பியிலிருந்து ப்ளேட்டுக்கு

கை முறிந்தால் மாவுக்கட்டு போடலாம், தாடைக்குப் போட முடியாது. முன்பெல்லாம் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி 4 முதல் 6 வாரம் வாயைப் பூட்டிவிடுவார்கள். சாப்பாடு உறிஞ்சுகுழலில்தான். விலகாத சில முறிவுகளுக்கு இன்றும் அதுவே போதும்.

1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மாக்ஸிம் ஷாம்பி என்ற மருத்துவர் தாடையில் விசை பாயும் விதத்தை ஆராய்ந்தார். மெல்லும்போது முறிவின் மேல்விளிம்பு இழுபட்டுப் பிரிகிறது, கீழ்விளிம்பு நெருங்குகிறது. அப்படியானால் இழுபடும் கோட்டிலேயே பிடித்துவிட்டால், முறிவை இணைக்கப் பெரிய உலோகத் தகடு (ப்ளேட்) எதற்கு? கடைவாய்க்குப் பின்னால் தாடை வளையும் இடத்தில் ஒரு சிறு ப்ளேட் போதும் என்றார். முன்பகுதியில் முறுக்கு விசையும் சேர்வதால் அங்கே இரண்டு.

மேசையில் நடப்பது

பல்லைக் கடிக்கவைக்க வேண்டியிருப்பதால், மயக்க மருந்துக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகச் செல்கிறது. முதலில் பற்களைச் சரியான கடியில் தற்காலிகமாகப் பிணைத்துவிட்டு, பிறகே டைட்டானியம் ப்ளேட்டை வளைத்துத் திருகுகிறார்கள். எலும்பு அழகாகச் சேர்ந்து கடி தவறினால், அந்த ஆபரேஷனால் என்ன பயன்? பல முறிவுகளுக்கு ஈறோரமாக உள்ளிருந்தே கீறுவதால் முகத்தில் தழும்பு இராது.

வீட்டுக்கு வந்தபின்

வாய் திறக்க முடிகிறதே என்று முறுக்கு கடித்துவிடக் கூடாது. எலும்பு கூடச் சில வாரங்கள் ஆகும். கூழ், குழைந்த பருப்புச் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி என்று ஓட்டுங்கள். சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிப்பது கட்டாயம். புகைப்பவருக்குச் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுதல். தாடைக்குள் ஓடும் நரம்பு அடிபட்டிருந்தால் உதட்டு மரப்பு மறைய மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓரளவு நிலைத்தும் விடும்.

"ப்ளேட்டை எப்போது எடுப்பார்கள்?" என்று கேட்காத நோயாளி இல்லை. சீழோ தளர்வோ இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு அப்படியே விட்டுவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கவும் டைட்டானியம் பொதுவாகத் தடையில்லை, ஸ்கேன் அறையில் சொல்லிவிட்டால் போதும்.