வார்ப்பிரும்பு மாளிகை

மும்பை மாநகரின் கோட்டைப் பகுதியில், காலா கோடா என வழங்கும் இடத்திலே, எஸ்பிளனேடு மேன்ஷன் என்னும் பழங்கட்டடம் ஒன்று உளது. 2019-ஆம் ஆண்டில் அதன்கண் எஞ்சியிருந்த குடிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அதனை இடிப்பதா, செப்பனிடுவதா என்னும் வினா அதன் பின்னும் முடிவுபெறாது நீண்டது. வலிய இரும்பினால் ஆகிய ஒரு மாளிகை இந்நிலை எய்தியது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1860-களில் பம்பாயின் கோட்டை மதில்கள் தகர்க்கப்பட்டு, வெளியே கிடந்த மைதானத்தில் மனைகள் ஏலம் விடப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பஞ்சு தடைப்பட, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. அதனால் அந்நகரில் பணம் பெருகிய காலம் அது. ஜான் வாட்சன் என்னும் ஆங்கிலத் துணி வணிகர் மனையொன்றைப் பெற்று, ரோலண்டு மேசன் ஆர்டிஷ் என்னும் பொறியியலாரைக் கொண்டு கட்டடம் வகுத்தார். தூண்களும் உத்திரங்களும் இங்கிலாந்திலே வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்து, இங்கே ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. இவ்வாறு எழுந்ததே வாட்சன் ஓட்டல். அறைகள் ஏறத்தாழ 130. 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் லூமியேர் சகோதரரின் அசையும் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது இங்கேதான். அவ்வாண்டிலேயே மார்க் டுவெயின் என்னும் அமெரிக்க ஆசிரியரும் இங்குத் தங்கினார்.

வார்ப்பிரும்பின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். அது மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும்; இழுப்பையும் வளைவையும் தாங்காது, திடீரென முறியும். வளைந்து எச்சரிக்கை செய்யும் குணம் அதற்கு இல்லை. கடற்காற்றில் வண்ணப்பூச்சு உரிந்து பொருத்துவாய்களில் மழைநீர் புகுந்தால் துரு ஏறும். துரு தான் அரித்த இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடங்கொள்வது. ஆகையால் அருகிலுள்ள செங்கல்லையும் பிளந்துவிடும். இத்தகைய கட்டடத்திற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆண்டுதோறும் ஓயாத சிறு கவனிப்பே தேவை.

அக்கவனிப்பு இல்லாமற் போனமைக்குக் காரணம் இரும்பன்று. இருபதாம் நூற்றாண்டில் ஓட்டல் ஒழிந்து, அதன் அறைகள் சிறு சிறு கூறுகளாகத் தடுக்கப்பட்டு, வீடாகவும் அலுவலகமாகவும் வாடகைக்கு விடப்பட்டன. நடனம் நிகழ்ந்த நடுமுற்றம் குப்பை கொட்டும் இடமாயிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் எனின் தனியாடவர் ஒண்டும் அறைவரிசை என்பதை அன்பர்கள் அறிவர். பம்பாய் மேன்ஷனும் முதுமையில் அப்பொருளையே அணுகிற்று. 2005-ஆம் ஆண்டளவில் 53 குடும்பங்களும் 97 தொழிலகங்களும் அங்கிருந்தன. அடுத்துள்ள நீதிமன்றத்து வழக்கறிஞர் பலர் அங்கு அறை வைத்திருந்தனர்.

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், பெரும்பாலும் 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் நிலவிய வாடகையையே முறையான வாடகை என வரையறுத்தது. வீடின்றித் தவித்த மக்களைக் காத்த நற்சட்டம் அது. அதனைப் பழித்தல் எம் கருத்தன்று. ஆனால் விலைவாசி ஏற ஏற வாடகை நின்ற இடத்திலேயே நின்றது. 1999-ஆம் ஆண்டின் புதுச் சட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு உயர்த்த இசைந்ததெனினும், அடித்தொகை அற்பமாயின் நான்கு விழுக்காடும் அற்பமே. உடையவருக்கோ வருவாய் செலவுக்குப் போதாது. குடியிருப்போர் தத்தம் அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பர். படிக்கட்டிற்கும் கூரைக்கும் யார் கொடுப்பர்? 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு பழங்கட்டடங்களுக்கு ஒரு தனி வரி விதித்து, பழுதுபார்க்க வாரியம் ஒன்றையும் அமைத்தது. அதனால் பொறுப்பு மூவரிடையே பகுக்கப்பட்டது. மூவருள் ஒவ்வொருவரும் மற்றிருவரையும் நோக்கியிருத்தல் இயல்பன்றோ?

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலக நினைவுச்சின்ன நிதியம் தன் அபாயப் பட்டியலில் இக்கட்டடத்தைச் சேர்த்தது. சில நாட்களில், ஜூலை முதல் நாள், முகப்பின் ஒரு பகுதி சரிந்து விழ, ஒருவர் உயிரிழந்தார். 2019-இல் ஆராய்ந்த பம்பாய் ஐ.ஐ.டி. பொறியியலார், கட்டடம் பழுதுபார்க்கும் நிலையைக் கடந்துவிட்டது, இடித்தலே தகும் என்றனர். பழங்கட்டடப் பாதுகாப்பில் வல்லார் அதனை மறுத்து, மீட்கக்கூடும் என வாதித்தனர்.

இருசாராரையும் நாம் எளிதில் புறக்கணிக்க இயலாது. அத்தெருவில் நடப்போரின் உயிர் முதன்மையானது. ஆயினும், துண்டுகளாகக் கப்பலில் வந்து பொருத்தப்பட்ட ஒன்றைத் துண்டு துண்டாக ஆய்ந்து, கெட்டதை மாற்றி நல்லதை நிறுத்துதல் கல்மாளிகையினும் இதற்கே பொருந்தும் என்பது எம் எண்ணம். அதற்குமுன் தீரவேண்டியது வேறொன்று உளது. சட்டம் தரும் உரிமையைக் கைக்கொண்டு குடிகள் திரும்பிவருவராயின், அவர்கள் எவ்வளவு வாடகை கொடுப்பர், மழைக்காலந்தோறும் அத்தூண்களுக்கு வண்ணம் பூசும் பணத்தை எவர் கையில் ஒப்புவிப்பர் என்பதே அது. இடிபாடா, செப்பமா என்று வாதிப்போர் இக்கணக்கைப்பற்றி அதிகம் பேசக் காணோம்.