காசு கொடுத்தவரும் திருடரான 19 மணி நேரம்

2007 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை. விண்டோஸ் ஒரிஜினல்தானா என்று மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்ட ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு, போலி என்று பதில் வந்தது. கடையில் பில் போட்டு வாங்கியவர்கள், கீ அச்சிட்ட ஸ்டிக்கரைப் பெட்டியிலேயே வைத்திருந்தவர்கள், முந்தைய நாள்வரை எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி வெள்ளி பிற்பகல் 3.30 மணியளவில் தொடங்கிய கோளாறு, மறுநாள் காலை 11 மணிக்குப் பிறகுதான் சரியானது. நம் கடிகாரப்படி சனிக்கிழமை விடிகாலை 4 மணியில் இருந்து கிட்டத்தட்ட நள்ளிரவு வரை. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் 12,000-க்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் பிறகு கணக்குச் சொன்னது.

எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் மென்பொருள் திருட்டைத் தடுக்கும் சோதனைகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே வழுக்குகின்றன, அந்தத் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் கிடைக்காது.

அன்றைய விண்டோஸில் இரண்டு சோதனைகள் இருந்தன. முதலாவது ஆக்டிவேஷன். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு இது வீடுகளுக்குள் வந்தது. விண்டோஸ் போடும்போது 25 எழுத்து கீயை அடித்தோம். பிராசஸர், ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, ராம் என்று பத்து வகைப் பாகங்களின் விவரத்தில் இருந்து விண்டோஸ் ஓர் அடையாள எண்ணை உருவாக்கியது. அந்த எண்ணும் கீயும் சேர்ந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போயின. இந்தக் கீ ஏற்கெனவே வேறொரு கம்ப்யூட்டருக்குப் பயன்பட்டிருக்கிறதா என்று சர்வர் பார்த்து, ஒப்புதல் தந்தது. அதற்கு 30 நாள் கெடு இருந்தது. நெட் இல்லாதவர்கள் போன் செய்து, திரையில் தெரியும் 50 இலக்கங்களைச் சொல்லி, மறுமுனை சொல்லும் 42 இலக்கங்களை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு, பிறகு தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பாகங்கள் சிலவற்றை மொத்தமாக மாற்றினால், விண்டோஸுக்கு அது வேறு கம்ப்யூட்டராகத் தெரிந்தது. மறுபடியும் ஆக்டிவேஷன் கேட்டது.

இரண்டாவது, வேலிடேஷன். ஒரு முறை ஒப்புதல் வாங்கிய பிறகும் அது செல்லுமா என்று அவ்வப்போது சரிபார்ப்பது. விண்டோஸ் ஜெனியூன் அட்வான்டேஜ் என்ற பெயரில் வந்த இந்த ஏற்பாட்டை, 2005 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இருந்து கூடுதல் மென்பொருள்களை இறக்குவதற்குக் கட்டாயமாக்கியது. பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டும் விலக்கு. மறு ஆண்டு, இதன் அறிவிப்புப் பகுதி முக்கிய அப்டேட் என்ற வகையில் கம்ப்யூட்டர்களுக்குள் வந்து இறங்கியது. அது தினமும் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்வதை 2006 ஜூனில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, அமெரிக்காவில் வழக்கும் வந்தது. தினசரித் தொடர்பை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது.

இப்போது அந்த ஆகஸ்ட் சம்பவத்துக்கு வருவோம். இன்னும் சோதனைக் கட்டத்தில் இருந்த புதிய நிரல், தவறுதலாக உண்மையான சர்வர்களுக்குப் போய்விட்டது. கீயைச் சங்கேதமாக்குவதில் ஒரு மாற்றம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அதற்கான மேம்பாடு அந்தச் சர்வர்களில் இன்னும் செய்யப்படவில்லை. எனவே வந்த கோரிக்கைகளைச் சரியாகப் படிக்க முடியாமல், தள்ளுபடி செய்யத் தொடங்கின. தவறைக் கண்டதும் அரை மணி நேரத்தில் பழைய நிரலுக்குத் திருப்பினார்கள். ஆக்டிவேஷன் சரியாகிவிட்டது. வேலிடேஷன் சரியாகவில்லை. அது அமெரிக்க நேரப்படி சனிக்கிழமை காலை வரை 'போலி' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

மைக்ரோசாஃப்ட் கொடுத்த விளக்கத்தில் ஒரு வரியை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். இந்தத் திட்டத்தைக் கவனித்துவந்த அலெக்ஸ் கோச்சிஸ் எழுதியது அது. சர்வர் செயலிழந்தால் கம்ப்யூட்டர்கள் தாமாகவே 'ஒரிஜினல்' என்று ஏற்கப்படும்படிதான் அமைப்பை வடிவமைத்திருந்தோம் என்கிறார். சந்தேகத்தின் பலன் வாடிக்கையாளருக்கு. நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று சர்வர் செயலிழக்கவில்லை. எழுந்து நின்று, தெளிவாக, தவறான பதிலைச் சொன்னது. சர்வர் பேசாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்தவர்கள், அது தப்பாகப் பேசினால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. தப்பிக்க வழியே வைக்காத அமைப்பில் தீர்ப்பு சொல்பவரும் ஒருவர், சாட்சியும் அவரே, அப்பீல் கேட்பவரும் அவரே.

அன்று யாருடைய கம்ப்யூட்டரும் முழுசாக முடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் கண்ணாடி போன்ற ஏரோ தோற்றம் போனது. பென்டிரைவைக் கொண்டு வேகம் கூட்டும் ரெடிபூஸ்ட் வசதி நின்றது. பாதுகாப்பு நிரலான விண்டோஸ் டிஃபெண்டர் எல்லா ஆபத்துகளையும் கண்டுபிடித்தது, ஆனால் கடுமையானவற்றை மட்டுமே நீக்கியது. கட்டாயமில்லாத அப்டேட்டுகள் நின்றன. கோளாறு தீர்ந்த பிறகு பாதிக்கப்பட்டவரே மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தவறு செய்தது ஒருவர், நிரூபிக்க அலைந்தது இன்னொருவர்.

அதே விஸ்டாவில் இதைவிடக் கடுமையான தண்டனை ஒன்றும் இருந்தது. கெடுவுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் டெஸ்க்டாப், ஸ்டார்ட் மெனு எதுவும் வராது. பிரவுசர் மட்டும் திறக்கும். ஒரு மணி நேரம் ஆனதும் வெளியே தள்ளிவிடும். ஆகஸ்ட் கோளாறு ஆக்டிவேஷன் பக்கம் அரை மணி நேரத்தில் நிற்காமல் போயிருந்தால், சில வீடுகளில் இந்தத் திரைதான் வந்திருக்கும். அந்த ஆண்டு டிசம்பரில், விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கில் இதை எடுத்துவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குப் பதிலாகக் கறுத்த பின்னணியும் எச்சரிக்கைகளும் வந்தன. 2008 அக்டோபரில் சீனாவில் எக்ஸ்பி பயன்படுத்திய பலர் மணிக்கு ஒரு முறை டெஸ்க்டாப் கறுத்துப்போவதைப் பார்த்துக் கொதித்தார்கள். தன் கம்ப்யூட்டருக்குள் வேறொருவர் கைவைக்கலாமா என்பதே அங்கே எழுந்த கேள்வி.

சரி, இவ்வளவு சோதனைக்கும் திருடியவர்கள் சிக்கினார்களா? எக்ஸ்பி கடைக்கு வருமுன்பே, பெரிய நிறுவனங்களுக்கான மொத்த லைசென்ஸ் கீ ஒன்று கசிந்துவிட்டது. அந்த வகைக் கீக்கு ஆக்டிவேஷனே தேவையில்லை. விஸ்டாவில் வேறு வழி கண்டார்கள். பிரபல கம்ப்யூட்டர் நிறுவனங்களின் தயாரிப்புகள் தொழிற்சாலையிலேயே ஆக்டிவேட் ஆகி வரும், கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலில் உள்ள அடையாளமே போதும். கிராக் செய்பவர்கள் எந்தக் கம்ப்யூட்டரையும் அந்த நிறுவனத் தயாரிப்பு போலக் காட்டினார்கள். சோதனை வாயிலைச் சுற்றிப் போகத் தெரிந்தவருக்கு வாயிலில் என்ன கோளாறு நடந்தால் என்ன? வரிசையில் ஒழுங்காக நின்றவர்தான் அன்று மாட்டினார்.

மென்பொருள் எழுதியவருக்கு உரிய காசு போய்ச் சேர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்லலாம். சர்வர் முன்னால் இந்த இரண்டுமே கிடையாது.

காசுத் தகராறில் தூரத்தில் இருந்தபடி மென்பொருளை முடக்கும் பழக்கம் இணையம் வீடுகளுக்கு வருமுன்பே இருந்தது. 1990 அக்டோபரில், அழகுசாதன நிறுவனமான ரெவ்லானுக்கும் அதற்குச் சரக்கு நிர்வாக மென்பொருள் செய்து கொடுத்த லாஜிஸ்டிகானுக்கும் பணம் கொடுப்பதில் தகராறு. ஒரு நள்ளிரவில் லாஜிஸ்டிகான் ஆட்கள் தொலைபேசி வழியாக உள்ளே நுழைந்து மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். வாடகை பாக்கிக்காக ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்குப் பூட்டுப் போட்டது போல. இரண்டு விநியோகக் கிடங்குகள் மூன்று நாள் ஸ்தம்பித்தன. ரெவ்லான் வழக்குப் போட்டது, பிறகு சமரசம் ஆனது. சில ஆண்டுகள் கழித்து, இப்படி முடக்கும் உரிமையை அமெரிக்க மாநிலங்களின் சட்டத்திலேயே சேர்க்க ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. கடும் எதிர்ப்புக்கு நடுவே வர்ஜீனியா, மேரிலாந்து இரண்டு மட்டுமே அதை ஏற்றன.

இன்று சந்தா முறையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 2014 மே மாதம் அடோபியின் லாகின் சேவை ஒரு நாளுக்கு மேல் படுத்துவிட்டது, காசு கட்டிய வடிவமைப்பாளர்கள் பலர் வேலையை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் அதே நிறுவனம், அமெரிக்க அதிபரின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லா வாடிக்கையாளர் கணக்குகளையும் முடக்கப் போவதாக அறிவித்தது. அமெரிக்க அரசு அனுமதி தந்ததால் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததை அடுத்து, 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜியின் மைக்ரோசாஃப்ட் சேவைகள் நிறுத்தப்பட்டன. முழுப் பணம் கட்டிய லைசென்ஸ் இருந்தும் முடக்கிவிட்டார்கள் என்று அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாத இறுதியில் சேவை திரும்பியது. இவற்றில் எதிலும் திருட்டு இல்லை. திருட்டைத் தடுக்க என்று சொல்லி வைத்த சுவிட்ச், வைத்த பிறகு எல்லாக் காரணத்துக்கும் பயன்படுகிறது.

பெரிய ஆலை உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியும். இரண்டு கம்ப்யூட்டர் வைத்து டி.டி.பி. வேலை பார்ப்பவரும் தணிக்கையாளரும் எங்கே போவார்கள்? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கும் அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதற்கும் இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஆனால் மென்பொருளைப் போடும்போது படிக்காமல் சம்மதம் என்று கிளிக் செய்த ஒப்பந்தத்தைத்தான் நிறுவனம் அனுமதியாக நீட்டும். முன்னறிவிப்பு இல்லாமல் முடக்கக் கூடாது, முடக்குமுன் மனிதர் ஒருவர் முறையீட்டைக் கேட்க வேண்டும், தவறாக முடக்கினால் இழப்பீடு தர வேண்டும் என்ற மூன்றையும் அரசு விதியாகவே கொண்டுவர வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பில்லையும் கீயையும் தாளில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். முக்கியமான கோப்புகளை வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில் ஒரு பிரதி சேமியுங்கள். வாங்கும் முன், நெட் இல்லாவிட்டால் இது எத்தனை நாள் ஓடும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் காரணமில்லாமல் முடங்கினால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.