மலைநாட்டில் ஒலித்த கொழும்புக் குரல்

கொழும்பிலே 1925 டிசம்பர் 16ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கிற்று. வர்த்தக ஒலிபரப்பு 1950இல் எழுந்தது. 1952 முதல் இந்திய வானொலி திரையிசையைப் பெரிதும் விலக்கவே, தமிழகத்தாரும் சிற்றலை வழியே எஸ். பி. மயில்வாகனனின் குரலை நாடலாயினர். நாடகத்திற்கோ ‘சானா’ சண்முகநாதன்.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே இவ்வானொலியின் பொருள் வேறு. மின்சாரமற்ற லயங்களில் பற்றரியால் இயங்கிய ஒரு பெட்டியைச் சூழ்ந்து பலர் கேட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. ஆயினும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் உறவினர் கேட்ட அதே குரலையே அவர்களும் கேட்டனர். (கடிதமோ பல நாள் கழித்தே வந்து சேரும்!) 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா சென்றோருட் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். கொழும்பின் தமிழ் அங்கும் எட்டிற்று.