கோடையில் தூக்கம், குளிரில் பூ: கிரீட் தீவின் கணக்கே வேற!

பிப்ரவரியில் வட ஐரோப்பா குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஆனா, கிரேக்கத்தின் கிரீட் தீவில் ஆலிவ் தோப்புகளுக்குள் சிவப்பு, ஊதா, வெள்ளை என அனிமோன் பூக்கள் பூத்துக் கிடக்கும்.

குளிர்காலத்துல எப்படி?

மத்திய தரைக்கடல் பகுதியில் மழைக்காலமே குளிர்காலம்தான். கோடையில் மாதக்கணக்கில் மழை எட்டிப் பார்க்காது. அதனால், இந்தச் செடிகளுக்குப் பெரிய சோதனை குளிர் இல்லை, வெயில். அனிமோன் மண்ணுக்கடியில் கிழங்காகத் தூங்கியே கோடையைக் கழிக்கும். மழை விழுந்ததும் துளிர்விடும். பாப்பி விதையாகக் காத்திருக்கும். மண் காய்வதற்குள் பூத்து, விதைத்து முடிக்கணும். அதான் இந்த அவசரம்.

இதில் கில்லாடி, ஓஃப்ரிஸ் ஆர்க்கிட். பெண் தேனீ போலவே தோற்றம், வாசனை. ஏமாந்து வரும் ஆண் தேனீ மகரந்தத்தைச் சுமந்து போகும். தேன்? ஒரு சொட்டுகூடக் கிடையாது!

சிக்கல் எங்கே? 'சலேப்' என்ற சூடான பானத்துக்காக, கிழக்கு மத்திய தரைக்கடல் நாடுகளில் காட்டு ஆர்க்கிட் கிழங்குகளைத் தோண்டி எடுக்கிறார்கள். ஆர்க்கிட் விதை முளைக்க மண்ணில் பூஞ்சையின் துணை வேணும். திரும்ப வளர்ப்பது லேசான வேலை இல்லை. பூவைப் பறித்தால் அந்த வருஷ விதை போச்சு. கிழங்கைத் தோண்டினால் செடியே போச்சு.

அந்தப் பக்கம் போனா, கேமராவை மட்டும் நீட்டுங்க.